கையில் இல்லையா, உறையில் இருக்கட்டும்!
(வாசகர் கேள்வி - பதில்)

தோப்பில் இளநீர் வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் கத்தி இல்லை என்று தெரிந்தது. அப்பா காலத்துக் கத்தி. எங்கே தேடுவது?
*- விவசாயி, பொள்ளாச்சி*

‘எங்கே வைத்தேன்’ என்று யோசித்தால் ஞாபகம் வராது. ‘கடைசியாக எதை வெட்டினேன்’ என்று யோசியுங்கள், வந்துவிடும். அந்த இடத்தில் தேடலைத் தொடங்குங்கள். சீவிப் போட்ட மட்டைக் குவியலின் அடியில் முதலில் பாருங்கள். கத்தியைக் கீழே வைத்த அதே கைதான் மட்டையையும் அதன்மேல் போட்டிருக்கும். அடுத்து உட்கார்ந்த இடம், வேலி தாண்டிய இடம், முகம் கழுவிய வாய்க்கால் கரை. ஒரு முறை போன திசையிலும் ஒரு முறை எதிர்த் திசையிலும் நடங்கள். ஒரு பக்கம் புல் மறைப்பது மறுபக்கம் தெரியும். ஒன்று முக்கியம்: கத்தி கிடைக்கும்வரை மட்டைக்குத் தீ வைக்காதீர்கள். நெருப்பில் கிடந்தால் கொல்லர் ஏற்றிய பதம் இறங்கிவிடும். அதன் பிறகு கிடைத்தாலும் அது வெறும் இரும்புத் தகடுதான்.

இருட்டிவிட்டது. காலையில் தேடுவதுதானே புத்திசாலித்தனம்?
*- கல்லூரி மாணவர், தேனி*

பளபளப்பான கத்தி என்றால் இரவுதான் உங்கள் பக்கம். டார்ச்சைத் தலைக்கு மேலே பிடிக்காமல், கணுக்கால் உயரத்துக்கு இறக்கி, தரையை ஒட்டி ஒளியை ஓடவிடுங்கள். புல்லுக்கு நிழல் விழும், இரும்பு மின்னும். உச்சி வெயிலில் காலடியில் கிடந்தும் கண்ணில் படாத தகடு இப்படிச் சிக்கும். காலில் ஷூ, கையில் குச்சி இரண்டும் இல்லாமல் இறங்காதீர்கள். புதருக்குள் கையை விட்டுத் துழாவவே கூடாது. அங்கே கத்தியின் முனையும் இருக்கலாம், பாம்பும் இருக்கலாம். துருவேறிக் கறுத்த கத்தி என்றால் மின்னாது. அதற்குக் காலை வெளிச்சமே நல்லது.

கிணற்றில் விழுந்துவிட்டது. பாதாளக் கரண்டி போட்டும் சிக்கவில்லை. எவர்சில்வர் கத்தி என்பதால் காந்தத்திலும் ஒட்டாதாமே?
*- வாசகி, தென்காசி*

ஒட்டும், கவலை வேண்டாம். காந்தத்தில் ஒட்டாதது பெரும்பாலும் நிக்கல் கலந்த எவர்சில்வர் பாத்திரம். கத்திக்கு வேண்டியது உறுதி. சூடேற்றிக் குளிர்வித்து உறுதியாக்கக்கூடிய வேறு வகை எஃகில்தான் அதைச் செய்கிறார்கள், அது காந்தத்தில் ஒட்டும். பழைய ஸ்பீக்கரின் வட்டக் காந்தத்தைக் கழற்றி, நடுத் துளையில் கயிறு கோத்து இறக்குங்கள். அடித்தரையை மெதுவாகத் தடவி, மெதுவாகவே இழுங்கள். பாதாளக் கரண்டியின் கொக்கிக்கு மாட்ட ஒரு வளையம் வேண்டும். வாளிக்கு அது உண்டு, உங்கள் கத்திக்கு இல்லை. வெளியே வந்ததும் பிடியின் நுனியில் துளை போட்டு ஒரு வளையம் மாட்டிவிடுங்கள்.

மழைக்காலம் முழுவதும் வரப்பில் கிடந்து இப்போதுதான் கிடைத்தது. ஒரே துரு. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?
*- வாசகர், கும்பகோணம்*

அவசரப்படாதீர்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, செங்கல் பொடி தொட்டு முதுகிலிருந்து முனையை நோக்கித் தேயுங்கள். மேல்துரு போய்விடும். முனையில் அரித்த குழிகள் சிறிதாக இருந்தால் சாணை பிடிப்பவர் சரிசெய்துவிடுவார். கழுவி, வெயிலில் காயவைத்து, தேங்காயெண்ணெய் தடவுங்கள். பிடியை மட்டும் நம்பிவிடாதீர்கள். மரம் ஊறி, உள்ளே போகும் கம்பியும் துருப்பிடித்திருக்கும். லேசாக ஆடினாலும் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோய் மாற்றுங்கள். ஓங்கும்போது கழன்று பறக்கும் கத்தியைவிடத் தொலைந்த கத்தி மேல்.

பனையேறிகள் மட்டும் அரிவாளைத் தொலைப்பதே இல்லையே, எப்படி?
*- ஆசிரியை, தூத்துக்குடி*

தொலைக்க முடியாதபடி வேலையை அமைத்துக்கொண்டவர்கள் அவர்கள். மரத்தைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டும். அறுபதடி உயரத்தில் அரிவாளை ‘ஓர் ஓரமாக’ வைக்க ஓரமே கிடையாது. இடுப்பில் கட்டிய அரிவாள்பெட்டியிலிருந்து எடுப்பார்கள், பாளையைச் சீவுவார்கள், உடனே பெட்டிக்குள் போடுவார்கள். நழுவினால் கீழே நிற்பவர் உயிருக்கே ஆபத்து. இதில் தரையில் வேலை செய்யும் நமக்கும் பாடம் இருக்கிறது. கத்திக்கு இரண்டே இடம்: கை, உறை. கல்மேல், கிளைமேல், மடிமேல் என்ற மூன்றாவது இடம் வந்த நிமிடமே அது தொலையத் தொடங்கிவிட்டது. அடிமரத்தில் கொத்தி நிறுத்திவிட்டுப் போவதும் அந்த மூன்றாவது இடம்தான்.

நல்ல உறை எப்படி இருக்க வேண்டும்?
*- மலையேற்ற ஆர்வலர், கோவை*

குனிந்தாலும், உட்கார்ந்தாலும், தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் கத்தி விழக்கூடாது. பின்லாந்தின் ‘பூக்கோ’ கத்தியைப் பாருங்கள். அதன் தோலுறை தகட்டோடு நிற்காமல் பிடியிலும் பாதி அளவு மூடிக்கொள்ளும், அந்த இறுக்கமே பூட்டு. 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த ‘ஊட்ஸி’ என்ற 5,000 ஆண்டுகளுக்கும் முந்தைய மனிதரிடம் ஒரு சிறு கற்கத்தி இருந்தது. அதற்கு மரநாரில் பின்னிய உறையும், பிடியின் நுனியில் ஒரு சரடும் உண்டு. உலோகம் பரவாத காலத்திலேயே இவ்வளவு அக்கறை. பேன்ட் பாக்கெட்டை உறையாக நினைக்காதீர்கள். பாறையில் சாய்ந்து உட்கார்ந்தாலே அது கத்தியைக் கீழே விட்டுவிடும். வீட்டுக்கு வந்ததும் தோலுறையிலிருந்து கத்தியை வெளியே எடுத்துவிடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும்.

எந்த நிறப் பிடி நல்லது?
*- வாசகர், ஏற்காடு*

கடையில் அழகாகத் தெரியும் காக்கியும் பச்சையும் காட்டில் காணாமல் போகும் நிறங்கள். சிவப்பு, ஆரஞ்சு வாங்குங்கள். பழைய மரப்பிடியை மாற்ற மனம் வராதென்றால் ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்புப் பெயின்ட் வளையம் போதும். லாரிகளின் பின்னால் ஒட்டும் ஒளிரும் ஸ்டிக்கரில் ஒரு துண்டு ஒட்டினால் இரவில் டார்ச் ஒளிக்குத் தானே பதில் சொல்லும்.

கயிறு கட்டிக்கொண்டால் தீர்ந்ததா?
*- மீனவர், நாகப்பட்டினம்*

படகில் கட்டாயம் வேண்டும். அங்கே கைநழுவினால் கடல்தான். கை முழுதாக நீளும் அளவுக்கு மட்டும் கயிறு இருக்கட்டும், மிஞ்சினால் வலையில் சிக்கும். உறையைப் படகில் ஒரே இடத்தில், இருட்டிலும் எந்தக் கையாலும் எட்டும்படி பொருத்துங்கள். காலில் கயிறு சுற்றி இழுக்கும்போது தேட நேரம் இருக்காது. ஆனால் ஓங்கி வெட்டும் அரிவாளை மணிக்கட்டில் கட்டாதீர்கள். பிடி நழுவினால் அது தூரப் போகாமல் உங்கள் மேலேயே திரும்பி வரும்.

மகனுக்குப் பன்னிரண்டு வயது. முதல் கத்தி கேட்கிறான்.
*- தந்தை, திண்டுக்கல்*

உறையோடு வாங்கிக் கொடுங்கள். வெட்டுவதை அவன் தானே கற்றுக்கொள்வான், வைப்பதை நீங்கள்தான் கற்றுத்தர வேண்டும். எழுந்ததும் இரண்டடி நடந்து, திரும்பி, உட்கார்ந்த இடத்தை ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். கத்தி மட்டுமில்லை, செல்போனும் செருப்பும்கூட மிஞ்சும்.

எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. வேறு கத்தி வாங்கிவிட்டேன். இனி விட்டுவிடலாம்தானே?
*- வாசகர், மன்னார்குடி*

விடாதீர்கள். புல்லுக்குள் கிடக்கும் கத்திக்குத் துருப்பிடித்தாலும் முனை இருக்கிறது. நாளை அந்த வழியாக ஆடு மேயும், நடவுக்கு வருகிறவர்கள் வெறுங்காலோடு இறங்குவார்கள், பிள்ளைகள் பந்து தேடி வருவார்கள். வயல்காரரிடமும் வேலையாட்களிடமும் மேய்ப்பவரிடமும் இன்றே சொல்லுங்கள். கிடக்கக்கூடிய இடத்தைச் சுற்றிக் குச்சி நட்டுத் துணி கட்டுங்கள். புல் அறுத்ததும் மறுபடி போய்ப் பாருங்கள். வேறு கத்தி வாங்கியது உங்கள் கைக்காக. தொடர்ந்து தேடுவது அடுத்தவர் காலுக்காக.