ஏ.ஜி. ஆபீஸ் வீட்டுப் பிள்ளையும் அடங்காத நட்சத்திரமும்

மயிலாப்பூரில் வானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் இரண்டே ரகம். பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர். மொட்டை மாடியில் வடாம் பிழிந்துவிட்டு மேகத்தைத் திட்டும் மாமி இன்னொருவர். கிரகணம் என்றால் தர்ப்பை, சனிப் பெயர்ச்சி என்றால் எள் விளக்கு; வானத்தோடு கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான். கபாலீஸ்வரர் கோயில் நவக்கிரக சந்நிதியைத் தாண்டியும் பிரபஞ்சம் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால், "அங்கே போக டிராம் உண்டா?" என்று கேட்டிருப்பார்கள்.

1920-களில் இந்த ஏற்பாட்டைக் கெடுப்பதற்கென்றே எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் ஒரு பையன் வளர்ந்துகொண்டிருந்தான். இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்ற பெயரில் நாம் நின்று நின்று ஹாரன் அடிக்கிறோமே, அதே ரோடுதான். வீட்டின் பெயர் 'சந்திர விலாஸ்'. பையன் பெயர் சந்திரசேகர். அப்பா சி. சுப்பிரமணிய அய்யர் ரயில்வே கணக்குத் துறையில் பெரிய அதிகாரி. அவர் வேலை பார்த்த லாகூரில்தான் 1910-ல் பிள்ளை பிறந்தான். பத்துக் குழந்தைகள். ஓய்வு நேரத்தில் அப்பா பிடில் வாசிப்பார். கர்நாடக சங்கீதத்தின் இலக்கணத்தைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். அம்மா சீதாலட்சுமி, கணவனை விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பும் கதாநாயகியைப் பற்றி இப்சன் எழுதிய நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பத்துப் பிள்ளைகளுக்கு நடுவே அந்த அம்மாள் எந்த மனநிலையில் அந்த நாடகத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் ஊகிக்கப் போவதில்லை.

கணக்கு இந்தக் குடும்பத்தின் குலத்தொழில். சித்தப்பாவும் கல்கத்தாவில் அசிஸ்டெண்ட் அக்கவுண்டண்ட் ஜெனரலாகத்தான் உத்தியோகம் பார்த்தார். சாயங்காலம் ஆனால் ஆபீஸ் லெட்ஜரை மூடிவிட்டு ஒரு ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவிடுவார். 1917-ல் அந்தக் கைநிறையச் சம்பள வேலையை உதறிவிட்டு வாத்தியார் ஆனபோது குடும்பம் என்ன பாடு பட்டிருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளலாம். 1930-ல் அவருக்கு நோபல் பரிசு வந்ததும் பேச்சு அடங்கியது. சித்தப்பாவின் பெயர் சி.வி. ராமன்.

அண்ணன் பிள்ளைக்கு ஐ.சி.எஸ். என்று அப்பா முடிவு செய்திருந்தார். பிள்ளைக்கோ ராமானுஜன் மாதிரி கணக்குப் போட ஆசை. வீட்டுக்கு வீடு நடக்கும் இந்தத் தகராறில் பிரஸிடென்ஸி கல்லூரியில் ஒரு சமரசம் ஏற்பட்டது: அப்பாவுக்காக பௌதிகம் ஆனர்ஸில் பெயர் பதிவு, ஆசைக்காகக் கணித வகுப்பில் ஆஜர். அம்மா பிள்ளை பக்கம். தெருவில் என்ன பேசியிருப்பார்கள் என்பதற்கு ஆவணம் தேவையில்லை. "கலெக்டர் ஆகிறதை விட்டுட்டு நட்சத்திரம் எண்ணப் போறானாம், கேட்டேளா?"

1928-ல் ஜெர்மன் பேராசிரியர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அவர் எழுதிய அணுவியல் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த நம் பையன், அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய் நின்றான். "தம்பி, நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது, பௌதிகமே மாறிப்போச்சு" என்கிற கணக்கில் அவர் சொல்லி அனுப்பினார். போர்ஷன் மாறிவிட்டது என்றால் இப்போதெல்லாம் மெரினாவில் மறியல் நடக்கும். சந்திரசேகர் அவர் கொடுத்த புதுக் கட்டுரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து படித்தான். அதை வைத்து ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி லண்டன் ராயல் சொசைட்டி பத்திரிகையில் அச்சேற்றியும் விட்டான். மறுவருஷம் ஹைசன்பர்க் வந்தபோது அவரைக் காரில் உட்கார வைத்து ஊர் சுற்றிக் காட்டியவனும் இவனே. குவாண்டம் பௌதிகத்தைப் பிறப்பித்தவர்களில் ஒருவர் சென்னைக் கடற்காற்று வாங்கிய செய்தி அன்றைய மயிலாப்பூரை எந்த விதத்திலும் பாதிக்கவில்லை.

கல்லூரியில் கட்டுரைப் போட்டிக்குப் பரிசாக ஒரு புத்தகம் கிடைத்தது. நட்சத்திரங்களின் உள்ளமைப்பைப் பற்றி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்தர் எடிங்டன் எழுதியது. தன்னைச் சபையில் வைத்துக் கவிழ்க்கப் போகிறவரின் புத்தகத்தையே ஒரு பையன் விழுந்து விழுந்து படித்தான் என்பதைக் கதையில் எழுதினால் எந்த ஆசிரியரும் 'நம்பும்படி இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

1930 ஜூலை 31. சர்க்கார் ஸ்காலர்ஷிப்போடு பம்பாயில் பில்ஸ்னா என்கிற கப்பல் ஏறியபோது வயது 19. சுத்த சைவம். ஏடன் வரை கடல் கப்பலைப் புரட்டி எடுத்தது. அதன்பின் அலை அடங்கி, பையன் டெக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். மற்றவர்கள் சீட்டாடினார்கள். இவன் செத்துப்போகும் நட்சத்திரங்களுக்குக் கணக்கு எழுதினான்.

விஷயம் இதுதான். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் எடையாலேயே உள்வாங்கிச் சுருங்கும். ஒரு கட்டத்தில் எலெக்ட்ரான்கள் முரண்டு பிடிக்கும். ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான் இருக்காது என்பது குவாண்டம் சட்டம். அந்த முரண்டின் அழுத்தம் நட்சத்திரத்தைத் தாங்கிப் பிடிக்கும். அப்படி நின்றுபோனதற்கு வெள்ளைக் குள்ளன் என்று பெயர். எல்லா நட்சத்திரமும் இப்படித்தான் சாந்தியடையும் என்று பெரியவர்கள் தீர்மானித்திருந்தார்கள். சந்திரசேகர் ஒரு சின்ன விவரத்தைச் சேர்த்தான். நெருக்கம் கூடக்கூட எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும். அப்போது ஐன்ஸ்டைனின் சார்பியலையும் கணக்கில் எடுக்க வேண்டாமா? எடுத்தால் அழுத்தம் போதவில்லை. ஒரு அளவுக்கு மேல் கனத்த நட்சத்திரத்தை எலெக்ட்ரானால் தாங்கவே முடியாது. பின்னால் திருத்தமாகக் கணித்தபோது அந்த அளவு நம் சூரியனைப் போல் 1.44 மடங்கு என்று நின்றது. அதற்கு மேல் போனால்? சுருங்கும், இன்னும் சுருங்கும். எங்கே போய் நிற்கும் என்று கேட்டால், அவன் கணக்குப்படி நிற்காது என்பதுதான் பதில். கணக்குத் துறைக் குடும்பத்துப் பிள்ளை, பிரபஞ்சத்தின் லெட்ஜரில் டாலி ஆகாத ஒரு வரியைக் கண்டுபிடித்துவிட்டான்.

கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்து கட்டுரையைக் காட்டினான். வழிகாட்டி ஃபௌலருக்கும் அவர் யாரிடம் காட்டினாரோ அந்த மில்னுக்கும் ரசிக்கவில்லை. கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு அமெரிக்காவுக்குத் தபாலில் அனுப்ப, 1931 ஜூலையில் அச்சானது. அதற்குள், அதே ஆண்டு மே மாதம் மயிலாப்பூரில் அம்மா போய்விட்டாள். பிள்ளை கடல் கடந்து இருந்தான்.

1935 ஜனவரி 11-க்கு வருவோம். அதற்கு முந்தைய மாதங்களில் எடிங்டன் அடிக்கடி இவன் அறைக்கே வந்து "கணக்கு எதுவரை வந்தது?" என்று விசாரித்துவிட்டுப் போவார். கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றுக்குக்கூட அவரே ஏற்பாடு செய்தார். ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் இவன் பேச இரட்டிப்பு நேரம் வாங்கித் தந்தவரும் அவர்தான். மாமனார்கூட இவ்வளவு பரிவு காட்ட மாட்டார். அடுத்துத் தானும் பேசப்போகிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சந்திரசேகர் பேசி உட்கார்ந்ததும் எடிங்டன் எழுந்தார். 1919 கிரகணத்தைப் படம் பிடித்து ஐன்ஸ்டைனை உலகப் பிரசித்தமாக்கிய மனுஷர். நாக்கு சவரக் கத்தி. இந்தப் பையன் சொல்வது நிஜமானால் நட்சத்திரம் ஒளியைக்கூட வெளியே விடாமல் உள்ளுக்குள் விழுந்துகொண்டே போகும், இப்படியொரு அசட்டுத்தனத்தைச் செய்யவிடாமல் தடுக்க இயற்கையில் ஏதாவது சட்டம் இருந்தாக வேண்டும் என்ற தோரணையில் போட்டுத் தாக்கினார். சபை சிரித்தது. வேடிக்கை என்னவென்றால், கருந்துளை என்று இன்று குழந்தைகள் டி-ஷர்ட்டில் போட்டுக்கொள்கிற சமாச்சாரத்தைக் கச்சிதமாக வர்ணித்தவர் எடிங்டன்தான். வர்ணித்துவிட்டு, இருக்கவே முடியாது என்று தணிக்கை ஆட்சேபணை எழுதிக் கோப்பை மூடினார்.

கோபன்ஹேகனில் பௌதிக மேதை நீல்ஸ் போரின் ஆட்கள், பாலி, டிராக் எல்லோருக்கும் பையன் பக்கம்தான் நியாயம் என்று தெரியும். தனியாகச் சொன்னார்கள். மேடையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. கச்சேரி முடிந்து கேண்டீனில் காபி டம்ளரை ஆற்றிக்கொண்டே "பாட்டு சுமார்தான்" என்று காதோடு சொல்லும் வழக்கம் மயிலாப்பூர் சபாக்களுக்கு மட்டும் சொந்தம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சந்திரசேகர் சண்டையை நீட்டிக்கவில்லை. 1936-ல் ஊருக்கு வந்து, கல்லூரியில் ஒரு வகுப்பு கீழே படித்த, அதே மயிலாப்பூர்க்காரரான லலிதாவைக் கல்யாணம் செய்துகொண்டார். (கல்யாணம் ஆகிவிட்டதால் இனி 'அவர்'.) 1937-ல் அமெரிக்கா. நட்சத்திரக் கணக்கு முழுவதையும் 1939-ல் ஒரு புத்தகமாகப் போட்டு முடித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார். எடிங்டன் நூற்றாண்டுக்கு 1982-ல் கேம்பிரிட்ஜே கூப்பிட்டபோது போய் அவரைப் பற்றிப் பெருந்தன்மையாகச் சொற்பொழிவு ஆற்றினார். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் உடம்பு சரியில்லை என்று தந்தி கொடுத்திருப்பேன். அடுத்த ஆண்டு நோபல். 1930-ல் போட்ட பில்லுக்கு 1983-ல் சாங்ஷன். 53 வருஷ அரியர்ஸ், வட்டி கிடையாது.

1995-ல் அவர் காலமான பிறகு நாசாவுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. எக்ஸ்ரே கதிர்களைப் பார்க்கும் மாபெரும் தொலைநோக்கி தயாராகிக்கொண்டிருந்தது. அதற்கு இன்ஜினீயர்கள் வைத்திருந்த பெயரை முழுசாகச் சொல்வதற்குள் அது பூமியை ஒரு சுற்று சுற்றிவிடும். ஆகவே போட்டி வைத்தார்கள். ஆறாயிரம் பேருக்கு மேல் எழுதிப் போட, ஐடஹோவைச் சேர்ந்த ஒரு மாணவரும் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஓர் ஆசிரியையும் அனுப்பிய 'சந்திரா' தேர்வானது. லஸ் கார்னரிலிருந்து ஒரு போஸ்ட் கார்டாவது போயிருக்கும் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடம் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. தலைமை எய்லீன் காலின்ஸ். விண்ணோடத்துக்குத் தளபதியான முதல் பெண். துணை ராக்கெட்டையும் சேர்த்துச் சரக்கு 22 டன்னுக்கு மேல். கிளம்பிய ஐந்தாவது விநாடி மின்கசிவு, இரண்டு இன்ஜின்களின் கட்டுப்பாட்டுக் கருவிகள் பாதி செத்தன. மாற்றுக் கருவிகள் கைகொடுத்தன. போதாக்குறைக்கு ஒரு இன்ஜினுக்குள்ளிருந்து சின்னஞ்சிறு ஊசி ஒன்று பிடுங்கிக்கொண்டு பறந்து குழாய்களைக் கிழித்தது, ஹைட்ரஜன் ஒழுகியது. அப்படியும் இப்படியுமாக மேலே போய்ச் சேர்ந்தது. ஆகஸ்டில் நாசா வெளியிட்ட முதல் படம் காசியோபியா ஏ என்கிற வெடித்துச் சிதறிய நட்சத்திரம். நடுவில் ஒரு சின்னப் புள்ளி. எலெக்ட்ரானால் தாங்க முடியாமல் உள்ளே விழுந்த மிச்சம். அசட்டுத்தனம் செய்து முடித்த நட்சத்திரம்.

சந்திராவின் பாதை நீளமான முட்டை வடிவம். தூரத்தில் போகும்போது நிலாவுக்கு மூன்றில் ஒரு பங்கு வழி; 64 மணி நேரத்துக்கு ஒருமுறை பூமிப் பக்கம் வந்து கதிர்வீச்சுப் பட்டைகளுக்குள் புகுந்து வெளியேறும். ஆரம்பத்தில் இந்தப் பாதிப்பை எதிர்பார்க்காததால் கேமராவின் சில்லுகளில் பெரும்பாலானவற்றுக்கு அடி. அதிலிருந்து அந்த நேரம் நெருங்கினால் கேமராவை ஓரமாக ஒதுக்கி, வேலையை நிறுத்தி, நேரம் கழிந்ததும் மறுபடி தொடங்குகிறார்கள். தன்னை நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவரின் பெயரைத் தாங்கிய தொலைநோக்கி, சுற்றுக்குச் சுற்று ராகுகாலம் பார்க்கிறது.

ஐந்து வருஷத்துக்கு என்று அனுப்பியது கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. வெப்பக் காப்புப் போர்வை நைந்து வண்டி சூடாகிறது. 2024 மார்ச்சில் அமெரிக்க பட்ஜெட் முன்மொழிவு வந்தபோது, சந்திராவுக்கு ஆண்டுக்கு 6.83 கோடி டாலர் கொடுத்துவந்ததை 4.11 கோடியாகக் குறைக்கப் பார்த்தார்கள். விஞ்ஞானிகள் கொதித்துப்போய்க் கையெழுத்து வாங்க இறங்கினார்கள். எடிங்டனிடம் தப்பித்த பெயர் கடைசியில் அப்பாவின் துறையிடமே வந்து மாட்டிக்கொண்டது. இதற்கு வாரிசு என்று ஐரோப்பியர்கள் திட்டமிடும் நியூஅதீனா கிளம்பவே 2037 ஆகும் என்கிறார்கள்.

இதற்கிடையில் நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. விண்ணுக்கு மனிதரை அனுப்பும் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நாலு பேரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். கருந்துளைகளின் எக்ஸ்ரேயை ஆராய இஸ்ரோ கட்டிய எக்ஸ்போசாட், 2024-ஆம் ஆண்டின் முதல் நாளன்றே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போயாகிவிட்டது. வானம் தெளிவாக இருந்தால் அங்கே கிளம்பும் ராக்கெட் நம் மொட்டை மாடிக்கே தெரியும்; வடாம் பாத்திரத்தை நகர்த்தினால் போதும். அன்று ஏவப்பட்ட நேரம் காலை 9 மணி 10 நிமிஷம். சுற்றுப்பாதைக் கணக்குப்படி குறித்த நேரம் என்று விஞ்ஞானிகள் சொல்வார்கள். நானும் அதையே நம்புகிறேன். ஆனால் வடக்கு மாட வீதியில் தினசரி காலண்டர் விற்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார்: அன்று திங்கட்கிழமை, ராகுகாலம் ஏழரையிலிருந்து ஒன்பது.