முட்டி போட வைத்த கேள்விகள்

டிசம்பர் திரைப்பட விழாவில் ஒரே நாளில் நாலு படம் பார்த்தேன். எழுந்தால் முழங்கால் முன்பக்கம் விண்ணென்று வலிக்கிறது. கோளாறு படத்திலா, காலிலா?
– வாசகர், கரமனை

படத்தை ஜூரி பார்த்துக்கொள்ளட்டும். இந்த வலிக்கு ‘சினிமா பார்ப்பவர் முழங்கால்’ என்றே மருத்துவர்களிடம் செல்லப்பெயர் உண்டு. கால் மடங்கியே கிடந்தால் முழங்கால் சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்தியபடியே இருக்கும். படி இறங்கும்போதும் இதே கதைதான். தொடையின் முன்தசைக்குப் பயிற்சி கொடுங்கள். அதுவரை ஓரத்து நாற்காலி. காலை நீட்டலாம், படம் தேறாது என்றால் நழுவவும் வசதி.

மாசியில் ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்கலை விழாவில் அடுப்பு முன் குந்தினேன். எழுப்பிவிட மகள் வர வேண்டியதாயிற்று. வயது 58. அம்மன் சோதிக்கிறாளா?
– வாசகி, கோட்டை

சோதிப்பது குருத்தெலும்பு. 2009 பொங்கலைக்கு 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் கணக்கு. எழும்போது பக்கத்து அடுப்புக்காரியின் தோளைப் பிடித்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குத் தேய்மானம் ஆண்களைவிட அதிகம். காலையில் கொஞ்ச நேரம் விறைப்பு, நடந்தால் இளகும், நெடுநேரம் நின்றால் மறுபடி வலிக்கும் என்றால் பெரும்பாலும் அதுதான். விறைப்பு அரை மணிக்கு மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதமா என்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்கு மருந்தே வேறு. தாமதித்தால் மூட்டு சிதையும். தேய்மானம் என்று தைலம் தடவியே வருஷத்தைக் கடத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். அடுத்த பொங்கலைக்கு ஒரு முக்காலி கொண்டுபோங்கள். அம்மன் ஆட்சேபிக்க மாட்டாள்.

வலி முழங்காலில். டாக்டரோ வயிற்றைப் பார்க்கிறாரே?
– கழக்கூட்டம் ஐ.டி. ஊழியர்

உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் தாங்கும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று 2005இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. நாலு மணிச் சாயாவோடு வரும் இரண்டாவது பழம்பொரிக்கு முழங்காலிடம் அனுமதி வாங்குங்கள்.

மடக்கினால் ‘டக்’ என்று சத்தம்?

வலி, வீக்கம் இல்லையா? தாளம் போடட்டும், விடுங்கள்.

சாலைக் கடைத்தெருவில் மூட்டையோடு திரும்பினேன், சுருக்கென்றது. மறுநாள் வீக்கம். சில சமயம் கால் நீட்ட வராமல் பூட்டிக்கொள்கிறது.

ஜவ்வு கிழிந்திருக்கலாம். பாதம் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பினால், எலும்புகளுக்கு நடுவே உள்ள பிறை வடிவ ஜவ்வு நசுங்கும். எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவரிடம் போகாதீர்கள். எலும்பு மருத்துவர் பார்க்கட்டும்.

ராத்திரியில் திடீரென்று முழங்கால் சிவந்து கொதிக்கிறது. போர்வை பட்டாலே உயிர் போகிறது.

யூரிக் அமிலத்தின் வேலையாக இருக்கலாம். பீர் அதற்கு நல்ல நண்பன். ஆனால் மூட்டுக்குள் கிருமி புகுந்தாலும் இப்படித்தான் இருக்கும். கூடவே காய்ச்சலும் இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. இதில் ஜோக் கிடையாது.

கடைசியில் மூட்டு மாற்றுதானா?

எல்லாருக்கும் இல்லை. மருந்து, பயிற்சி எல்லாம் தோற்ற பிறகு வருவது அது. பிரதமராக இருந்தபோதே வாஜ்பாய் 2000 அக்டோபரில் ஒரு முழங்காலையும், அடுத்த ஆண்டு மற்றதையும் மாற்றிக்கொண்டார். நடுவில் நம் கேரளத்துக் குமரகத்தில் ஓய்வு. 2017இல் மத்திய அரசு செயற்கை மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு வைத்தபோது, பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு ரூ.54,720, வரி தனி. அறை வாடகையும் தனி. குமரகம் ரொம்பத் தனி.