எம்.ஆர். ஏரியா வக்கீல்

திண்டுக்கல்லில் நத்தம் பஸ் ஏறி சாணார்பட்டியில் இறங்கி, "வக்கீல் வீடு எதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த வக்கீலு? வரப்புத் தகராறா, வெட்டுக்குத்தா, டைவர்ஸா?" என்று திருப்பிக் கேட்பார்கள். மூன்றும் இல்லை என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அட, சினிமா வக்கீலா! அவருக்குத்தான் கேஸே கிடையாதே" என்று என் வீட்டுப் பக்கம் கையை நீட்டுவார்கள்.

ஊருக்கு என்மேல் இருக்கும் மனக்குறை நியாயமானதுதான். சட்டம் படித்தவன் ஒரு பட்டா மாறுதலுக்காவது, ஒரு ஜாமீனுக்காவது உதவ வேண்டும். நானோ பாட்டுக்கும் படத்துக்கும் பத்திரிகைக்கும் கோர்ட் ஏறுகிறவன். மிச்ச நேரத்தில் சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதையே பாடம் நடத்துகிறவன். என் விசிட்டிங் கார்டில் 'ஊடகம், பொழுதுபோக்குச் சட்டம்' என்று இருந்ததைக் கண்ணாடி போட்டு வாசித்த சித்தப்பா, "இதுக்குமாடா சட்டம் போட்டுருக்கான்?" என்றார். நான் படிப்பதற்காக நிலம் விற்ற அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கோடம்பாக்கத்தில் படம் வெள்ளிக்கிழமை வரும் என்பதால் எங்கள் தொழிலில் வாரத்துக்கு ஒரே வேலை நாள், வியாழன். வருஷக்கணக்கில் ஷூட்டிங் நடந்து, டீசர் வந்து, ஆடியோ லாஞ்சில் எல்லாரும் எல்லாரையும் 'அண்ணன்' என்று கூப்பிட்டு முடித்திருப்பார்கள். அதுவரை அசையாத ஒருவர் வியாழக்கிழமை காலையில் ஆபீஸ் படியேறி, "சார், இது என் கதை" என்பார். "இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?" என்று நீதிபதி கேட்பதும், நான் தொண்டையைச் செருமிக்கொள்வதும் வாடிக்கை. சாயங்காலமானால் ஃபைனான்சியர் வருவார். பாக்கி வராமல் கிளியரன்ஸ் கிடையாது. விடிந்தால் தியேட்டர் வாசலில் கட்அவுட்டுக்குப் பால் குடம் காத்திருக்கும். அந்தப் பால் திரியாமல் இருப்பது நடுராத்திரியில் நான் செட்டில்மென்ட் பேப்பரில் வைக்கிற கமாவில் இருக்கிறது. இதை ஊரில் சொன்னால் நம்புவதில்லை.

தமிழ்நாட்டின் மாவட்டப் பிரிவினை கலெக்டருக்கு ஒரு மாதிரி, சினிமா விநியோகஸ்தருக்கு ஒரு மாதிரி. அவர் கணக்கில் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு சேர்ந்தது என்.எஸ்.சி.; வெளிநாடு, மலேசியா, சிங்கப்பூர் எஃப்.எம்.எஸ். திண்டுக்கல் தனி மாவட்டமாகி எத்தனையோ காலமாகியும் சினிமா பத்திரத்தில் நாங்கள் இன்னும் எம்.ஆர்., அதாவது மதுரை-ராமநாதபுரம். "நம்மளை ராமநாதபுரத்தோட சேர்த்துட்டானா? தண்ணி வராதே!" என்று கவலைப்பட்டார் சித்தப்பா.

கதைத் திருட்டு வழக்கு பற்றி ஒருமுறை வாயைத் திறந்துவிட்டால் ஊரில் ஆளுக்கு ஒரு கதை வெளிவரும். என் மச்சான் ஒருவன் பல வருஷமாக ஒரு கதையை வைத்திருக்கிறான். கிராமத்தில் ஒரு நல்லவன், அவனுக்கு ஒரு அத்தை மகள், நடுவில் ஒரு பண்ணையார். "இதுக்குக் காப்பிரைட் போட்டுக் குடு மாப்ளே" என்றான். வெறும் கருத்துக்கு உரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை, 1978-லேயே ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றேன். "அப்ப எவன் கருத்தை வேணாலும் நான் எடுக்கலாமா?" என்றான், முகத்தில் திடீர் வெளிச்சத்தோடு. முதல் வருஷ மாணவர்களும் இதே இடத்தில்தான் பிரகாசமாவார்கள்.

எடுத்துக்காட்டுக்குப் பஞ்சமில்லை. 2018-இல் 'சர்கார்' வருவதற்குள், வருண் ராஜேந்திரனின் 'செங்கோல்' கதையோடு ஒற்றுமை இருக்கிறது என்று எழுத்தாளர் சங்கத் தலைவர் கே.பாக்யராஜே சொல்லி, உயர் நீதிமன்றத்தில் சமரசமாகி, டைட்டிலில் நன்றி போட்டு முடிந்தது. 'எந்திரன்' விவகாரம் அப்படி முடியவில்லை. ஆரூர் தமிழ்நாடன் 'ஜூகிபா' கதையை எழுதியது 1996-இல். படம் வந்தது 2010-இல். அவருடைய சிவில் வழக்கு தள்ளுபடியானது 2023-இல். அதற்குள் நிஜ ரோபோ என்றால் துருப்பிடித்திருக்கும்.

திருட்டு வீடியோ விஷயத்தில் எங்கள் ஊருக்கு நேரடிச் சம்பந்தமே உண்டு. யார் திருடினான் என்று தெரியாதபோது முகம் தெரியாத ஆள்மீது தடை வாங்கலாம். அப்படிப்பட்ட ஆளுக்கு இந்திய நீதிமன்றங்களில் வைத்த பெயர் அசோக் குமார். 2012-இல் '3' படத்துக்காகச் சென்னையில் வாங்கிய உத்தரவு அந்த வகைதான். அதைப் பார்த்துப் பயந்த இன்டர்நெட் கம்பெனிகள், யாரோ இசைக்கல்லூரிப் பையன் வயலின் வாசித்துப் போடுகிற விமியோ தளத்தையும் சேர்த்து மூடின. அசோக் குமார் என்று எங்கள் பக்கம் தெருவுக்கு ஒருவர் உண்டு. அதில் செல்போன் கடை வைத்து மெமரி கார்டில் படம் ஏற்றித் தந்துகொண்டிருந்த ஒருவர், பேப்பரில் பெயரைப் பார்த்துவிட்டு ஆதார் கார்டோடு என்னிடம் வந்து, "நான் அவனில்லைண்ணே" என்றார். அவன் யார் என்பது கோர்ட்டுக்கே தெரியாது என்று விளக்கினேன். "அப்ப நானா இருந்தாலும் தெரியாதுல்ல?" என்று நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்தபோதுதான் என் தொழிலுக்கு ஊரில் கொஞ்சம் மரியாதை பிறந்தது. குணா குகை இருப்பது கொடைக்கானலில். கொடைக்கானல் எங்கள் மாவட்டம். 1991-இல் வந்த 'குணா' படத்துப் பாட்டை அனுமதியில்லாமல் பயன்படுத்தினார்கள் என்று இளையராஜா தரப்பு மே மாதம் நோட்டீஸ் அனுப்பியது. உரிமை வைத்திருப்பவர்களிடம் முறையாக வாங்கிவிட்டோம் என்றார்கள் படக்காரர்கள். பஸ் ஸ்டாப் டீக்கடை இரண்டானது. 2017-இல் எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் போனபோதே இரண்டானதுதான்; நடுவில் ஒட்டியிருந்தது மறுபடி உடைந்தது. இசை இளையராஜா, எழுதியது வாலி, பாடியது கமலும் ஜானகியும், காசு போட்டது தயாரிப்பாளர். "குகை நம்மது. நமக்கு என்னப்பா வரும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். வகுப்பில் யாரும் கேட்காத கோணம்.

எங்கள் பக்கம் மாந்தோப்பு அதிகம் என்பதால் விவாதம் அங்கே போய்த்தான் நின்றது. ஒரு தோப்புக்காரர் ஆரம்பித்தார். "பூவெடுத்ததும் யாவாரி வந்து குத்தகை பேசுறான். அந்த வருசத்துக் காய் அவன் காய். மரம் என் மரம். அடுத்த வருசமும் நாந்தேன் பறிப்பேன்னு வந்தா விடுவனா?" பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது, காலக்கெடு எழுதாமல் உரிமை கொடுத்தால் அது ஐந்து வருஷத்துக்குத்தான். சொன்னேன். தலையாட்டினார்.

"சரிங்க, மரத்தை நட்டது யாரு?" என்றான் பெஞ்சின் ஓரத்திலிருந்த ஒரு பையன்.

"கூலி குடுத்து நான் நட வச்சேன்."

"நட்ட ஆளு இன்னைக்கி வந்து பங்கு கேட்டா?"

"கூலி வாங்குனப்பெறகு என்ன பங்கு?"

1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்: காசு கொடுத்துப் பாட்டுப் போட வைத்த தயாரிப்பாளரே முதல் உரிமையாளர். அதே தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ண ஐயர், பாவம் இந்தக் கலைஞர்கள், சட்டத்தைத் திருத்தினால் தேவலை என்று தனியாக ஒரு குறிப்பு எழுதி வைத்தார். திருத்துவதற்கு 2012 ஆகிவிட்டது. ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் போய் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. அதன்பின், தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற வகையில் பாட்டு சம்பாதிக்கிற ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சரிபாதி. வேண்டாம் என்று அவர்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. இதைச் சொன்னதும் தோப்புக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "பாதியா? நட்டவனுக்குப் பாதியா? வக்கீல் தம்பி, இதைக் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, எங்க ஆளுக காதுல விழுந்துறப் போகுது." இத்தனை தெளிவாக இந்தத் திருத்தத்தின் வீரியத்தைப் புரிந்துகொண்டவரை நான் கருத்தரங்குகளில்கூடச் சந்தித்ததில்லை.

சென்னை வகுப்பறை வேறு உலகம். அங்கே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் ஆரம்பிப்பேன். நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த பத்திரிகைக்காரர் 1944-இல் சென்னையில் குத்துப்பட்டு இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் சிறை போய், லண்டன் பிரிவி கவுன்சில்வரை ஏறி, 1947-இல் வெளியே வந்தார்கள். கொலை நடந்து ஐம்பது வருஷம் கழித்து 1994-இல், ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடலாமா என்ற வழக்கில் அந்தரங்கத்துக்கும் பத்திரிகைக்கும் நடுவே உச்ச நீதிமன்றம் கோடு போட்டது. இரண்டு வழக்குக்கும் நடுவில் எவ்வளவு சட்டம் இருக்கிறது என்று நான் உருகிக்கொண்டிருக்கும்போது கடைசி பெஞ்சில் கை தூக்குவார்கள். "சார், வடிவேலு மீம் போட்டா கேஸ் வருமா?" வராது என்று சொல்லி முடிப்பதற்குள் போட்டும் விடுவார்கள். பெரும்பாலும் என்னைப் பற்றித்தான்.

ஊரில் கேள்விகள் இன்னும் கூர்மை. கோபால்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்தில், பாட்டுப் போட லைசன்ஸ் எடுத்தீர்களா என்று யாரோ ஒரு ஆள் மண்டபத்தில் வந்து நின்றாராம். மாமா எனக்குப் போன் போட்டார். பிரிவு 52-லேயே விலக்கு இருக்கிறது. மதச் சடங்கு, கல்யாண ஊர்வலம், கல்யாணத்தை ஒட்டிய விழாக்களுக்கு உரிமத் தொகை வேண்டாம். 2023 ஜூலையில் மத்திய அரசும் அதை விளக்கி அறிவிப்பு விட்டிருக்கிறது என்றேன். ஆளை அனுப்பிவிட்டு மறுபடி போன் போட்டார். "காதுகுத்துக்கு?" கோயிலில் வைத்துக் குத்தினால் மதச் சடங்கு என்று வாதாடலாம். "மண்டபத்துல?" யோசிக்க வேண்டும். "சடங்கு சுத்துறதுக்கு? கெடா வெட்டுக்கு? மொய்விருந்துக்கு?" ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "உங்க சட்டத்தை எழுதுனவன் ஒரு விசேசத்துக்கும் போனதில்ல போலருக்கே" என்று வைத்துவிட்டார்.

ஆனால் எங்கள் பக்கத்தில் பொழுதுபோக்குச் சட்டம் என்று உண்மையிலேயே ஒன்று உயிரோடு இருக்கிறது என்றால், அது சித்திரை, வைகாசித் திருவிழாவின் ஆடல் பாடல் நிகழ்ச்சிதான். போலீஸ் அனுமதி மறுக்கும். விழாக் கமிட்டி மதுரைக்கு ஓடும். உயர் நீதிமன்றக் கிளை 2004-இல் மதுரைக்கு வந்தது யாருக்கு லாபமோ இல்லையோ, ஆடல் பாடல் கமிட்டிகளுக்கு லாபம். சீசனில் மனுக்கள் கட்டுக்கட்டாக வரும். உத்தரவு பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும்: ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாடல் கூடாது, சாதியையோ கட்சியையோ தூக்கிப் பிடிக்கிற பாட்டு கூடாது, உடை நாகரிகமாக இருக்க வேண்டும், சொன்ன நேரத்துக்குள் முடிக்க வேண்டும். எங்கள் ஊர் கமிட்டிக்கும் ஒரு வருஷம் அப்படி உத்தரவு வந்தது. வாசித்துக் காட்டினேன்.

"இரட்டை அர்த்தம்னு யாருப்பா முடிவு பண்றது?" என்றார் பொருளாளர். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

கோயில் மண்டபத்தில் ஒரு லேப்டாப், ஒரு பென் டிரைவ், சுற்றிலும் கமிட்டி. ஒரு விஷயம் ஆபாசமா என்பதைச் சமுதாயத்தின் இன்றைய அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும் என்று 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சமுதாயமே என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்ததால் சௌகரியமாக இருந்தது. ஒரு தாலாட்டு மாதிரிப் பாட்டை நான் பாஸ் பண்ணினேன். "ஐயையோ, அதுவா?" என்று பொருளாளர் என் காதில் அதன் பொருளைச் சொன்னார். சின்ன வயதிலிருந்து நான் வாய்விட்டுப் பாடிய பாட்டு. அம்மா முன்னால் பாடியது. அதற்குப்பின் என் சட்ட அறிவை நம்பாமல், அவர் புருவம் ஏறுகிற பாட்டையெல்லாம் அடித்துக்கொண்டே போனேன்.

நிகழ்ச்சியன்று மேடைக்குப் பின்னால் டூப் ரஜினி என்னைப் பிடித்துக்கொண்டார். தன் பெயரையும் ஸ்டைலையும் வியாபாரமாக்கியதற்கு ரஜினிகாந்த் ஒரு இந்திப் படத்தின்மேல் வழக்குப் போட்டு, 2015-இல் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார் என்பது அவர் காதுக்கும் போயிருந்தது. "என்மேலயும் போடுவாங்களா சார்?" என்றார், சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்தபடியே. அவ்வளவு தூரம் கவனிக்க மாட்டார்கள் என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. முதல் பாட்டுக்கு அவர் நடை கொஞ்சம் சிவாஜி மாதிரி இருந்தது.

நிகழ்ச்சி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பாதிக்குமேல் பக்திப் பாடல். இளவட்டங்கள் ஒவ்வொன்றாகப் புரோட்டா கடைக்கு நகர்ந்தன. முன்வரிசையில் பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டையா கொட்டாவி விட்டார். அப்போது எங்கள் தெரு அப்பத்தா ஒருவர் சேலை முந்தியில் முடிந்திருந்த நூறு ரூபாயை எடுத்து மேடைக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பாட்டைக் கேட்டார். "அன்பளிப்பு நூறு ரூபாய்!" என்று மைக்கில் கத்திய அறிவிப்பாளர், பாட்டின் பெயர் காதில் விழுந்ததும் நிறுத்திக்கொண்டார். நான் அடித்த பட்டியலில் முதலாவது.

அறிவிப்பாளர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் என்னைப் பார்த்தார். நான் உத்தரவு நகலை மடியிலிருந்து எடுத்துக்கொண்டே ஏட்டையாவைப் பார்த்தேன். அவர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தி, கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"பத்து மணிக்கு இன்னும் அஞ்சு நிமிசம் இருக்குல்ல வக்கீல் சார்? பெரியவங்க கேக்குறாங்க."