கப்பலேறிய பட்டம்

ஒருவருடைய மானம் கப்பலேறுவதைத் தமிழர் இழிவாகவே கொள்வர். ஆயினும் இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு பட்டம் மானத்தோடே கப்பலேறிச் சென்று, இறங்கிய துறைதோறும் குடும்பப்பெயராகி நிலைத்ததுண்டு. கடல் வணிகத்தில் தழைத்த தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் ‘மரைக்காயர்’ என்பதே அது. மரக்கலராயர் என்பதன் மரூஉ, அதாவது பேச்சில் தேய்ந்த வடிவம் இது என்பர் ஒரு சாரார். கப்பலைக் குறிக்கும் ‘மர்க்கப்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது என்பர் மறுசாரார். எவர் வென்றாலும் கப்பலுக்குச் சேதமில்லை.

கீழக்கரையில் இப்பட்டத்துக்கு விளக்கம் தேவைப்பட்டதில்லை. 17ஆம் நூற்றாண்டின் வள்ளல் சீதக்காதியே ஒரு மரைக்காயர்தான். கடலைத் தாண்டியதும் சொல் உப்புக்காற்றில் அரிபடத் தொடங்கியது. இலங்கையில் அது மரைக்கார் ஆகி, மேலும் தேய்ந்து மாக்கார் ஆயிற்று. 1978 முதல் 1983 வரை அந்நாட்டு நாடாளுமன்றச் சபாநாயகராயிருந்தவர் பாக்கீர் மாக்கார். பினாங்கிலோ அது ‘மெரிக்கன்’ ஆயிற்று. அங்கே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை 1801இல் நிறுவிய காதிர் மைதீன் பெயரோடும் இவ்வடிவமே ஒட்டியிருக்கிறது. முன்னே ஓர் அகரம் சேர்ந்துவிட்டால், பெயருக்குரியவர் கடவுச்சீட்டே இல்லாமல் அமெரிக்கர் ஆகிவிடும் அபாயமும் இதில் உண்டு.

பட்டம் ஊரில் இருந்தவரை பட்டமாகவே இருந்தது. குடும்பப்பெயர் கேட்கும் கட்டத்தை நிரப்பச் சொன்ன அயல்நாட்டுப் படிவங்களே அதைக் குலச்சின்னமாக்கின. தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இட்டு, தலைமுறைக்குத் தலைமுறை அதை மாற்றிக்கொண்டே போகிறவர்கள். சுவீடன் நாட்டு உழவர்களும் 19ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ இப்படித்தான் இருந்தனர்: ஸ்வென் என்பவரின் மகன் ஸ்வென்சன், அவன் மகனுக்கு வேறு பெயர். பிறகு 1901ஆம் ஆண்டின் பெயர்ச்சட்டம் அந்தச் சுழற்சிக்கு அணை போட்டது.

இராமேசுவரத்தில் படகு வைத்திருந்து, யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் சென்றவர் ஜைனுலாப்தீன் மரைக்காயர். பெயருக்குப் பொருத்தமான தொழில். ராக்கெட் விட்டுப் புகழ்பெற்று, 2002இல் குடியரசுத் தலைவரான அவர் மகனோ முன்னோர் பெயர்களை ஆ.ப.ஜெ. என மூன்றே எழுத்துகளில் அடக்கிக்கொண்டு, அப்துல் கலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். கப்பலுக்கு அதில் இடமில்லை.

ஆகவே பினாங்கில் ஒரு மெரிக்கனைச் சந்திக்கும் வாசகர்கள் அவரிடம் நியூயார்க்கைப் பற்றி விசாரிக்க வேண்டாம். கீழக்கரையா, காயல்பட்டினமா, நாகூரா என்று கேட்டுப் பார்க்கலாம்.