கூட்டோவியமும் இரண்டடி தள்ளி நிற்பவரும்: ஒரு முன்னோடி ஆய்வு

கவின்கலைக் கல்லூரி மாணவர் ஐவர் ஆறடிக்கு நாலடி கேன்வாஸ் ஒன்றில் சேர்ந்து படம் வரையும் நிகழ்வை ஆராய முற்படுகிறது இக்கட்டுரை. ஆய்வு எல்லை: காலை வருகைப்பதிவு முதல் வாட்ச்மேன் விளக்கை அணைக்கும் வரை. இப்பொருளில் இதுவரை எவரும் ஆராய்ந்ததில்லை என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுவது மரபு. தேடிப் பார்த்துவிட்டு எழுதுவது மரபன்று.

பங்கேற்போர் ஐவகைப்படுவர். முதலாமவர் கோடு போடுபவர். வேலை செய்கிறவரைப் பற்றி ஆய்வுலகில் பேச அதிகம் இல்லை. இரண்டாமவர் வண்ணம் குழைப்பவர். தாலோ ப்ளூவில் பட்டாணி அளவு போதும், வெள்ளைக் குவியல் முழுதும் நீலமாகிவிடும். இது தெரிந்தும் ட்யூபின் கழுத்தைப் பிதுக்குவார். மாலைக்குள் மாடு, மலை, மாட்டுக்காரர் மூவரும் நீலம். மூன்றாமவர் பிரஷ் கழுவும் டப்பாவில் தண்ணீர் மாற்றுபவர். இப்படி ஒருவர் இருப்பதாக ஐதீகம்; கண்டவர் இல்லை. நான்காமவர் அடுத்தவர் வரைந்ததை டச்சப் செய்பவர். இவரைப் பற்றி மற்றவர்கள் சொன்னவை அச்சேறத் தக்கவை அல்ல.

ஐந்தாமவரே இவ்வாய்வின் நாயகர்: தள்ளி நிற்பவர்.

இவர் பிரஷைத் தொடுவதில்லை. இரண்டடி பின்வாங்கி, தலையை இடப்பக்கம் சாய்த்து, 'ஏதோ ஒண்ணு குறையுது மச்சி' என்பார் (காண்க: ஓவியக்கூடம், மூன்றாம் ஈசல், பின்புறம், கரித்துண்டெழுத்து). குறைவது எது என்று கேட்டால் தலை வலப்பக்கம் சாயும். பின்வாங்கும் தூரம் இரண்டடி என்பர் ஈசலோரத்தார், மூன்றடி என்பர் ஜன்னலோரத்தார் (மேற்படி ஈசல், இடக்கால், திருத்திய பதிப்பு, இங்கு 'மச்சி' என்பது 'டேய்' எனப் பாடபேதம்). இரண்டும் பொருந்தும். என்னை எனின், மூன்றாம் அடியில் நாற்காலி இருக்கிறது.

கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும் இவரது இயல்பு. இதற்குச் சாத்திர ஆதாரம் உண்டு. பாதி மூடிய கண்ணுக்கு நுணுக்கங்கள் மங்கி, வெளிச்சமும் நிழலும் மட்டும் துலங்கும் என்று ஆசிரியர்களே சொல்லிக் கொடுக்கிறார்கள். நம்மவர் மதிய உணவுக்குப் பின் முழுதும் மூடிவிடுகிறார். இதைத் தூக்கம் என்று தட்டையாக வாசிக்கும் போக்கு கேன்டீன் வட்டாரத்தில் நிலவுகிறது (காண்க: கேன்டீன் கடன் நோட்டு, எண்ணெய் ஊறிய பக்கம், 'வடை இரண்டு' என்பதன் அடிக்குறிப்பு, அது மாஸ்டரின் கையெழுத்தன்று, அவர் மச்சானுடையது என ஐயுறுவாரும் உளர், மச்சானே இல்லை என்பது மாஸ்டரின் மறுப்புரை).

இனி வரலாறு. அக்பர்நாமாவின் ஓவியங்களில் உருவரை தீட்டியவர் ஒருவர், வண்ணம் ஏற்றியவர் வேறொருவர், சிலவற்றில் முகம் எழுதியவர் மூன்றாமவர். யார் எதைச் செய்தார் என்று ஓரத்தில் குறித்தும் வைத்தார்கள். பசாவன் பெயர் வருகிறது, மிஸ்கின் பெயர் வருகிறது. தள்ளி நின்றவர் பெயர் மட்டும் வரவில்லை. ஒன்று, அக்காலத்தில் அவர் இல்லை. அல்லது, குறிப்பெழுதியவரே அவர்.

ஃப்ளாரன்ஸின் உஃபிஸி அரங்கில் உள்ள 'கிறிஸ்துவின் திருமுழுக்கு' வெரோக்கியோவின் பட்டறைப் படம். இடது ஓரத் தேவதூதனை வரைந்தது மாணவன் லியோனார்டோ. அதைக் கண்ட குரு அதன்பின் வண்ணத்தையே தொடவில்லை என்று ஓவியர் வரலாறு எழுதிய வசாரி எழுதி வைத்தார். குரு வெட்கப்பட்டார் என்று இதற்கு உரை சொல்வார்கள். அவர் தள்ளி நிற்கத் தொடங்கினார் என்பதே எம் துணிபு. எந்தக் கை எந்தப் பாறையை வரைந்தது என்ற வாதம் இன்னும் முடியவில்லை. ஒரு தேவதூதனின் சுருள்முடியைப் பிடித்துக்கொண்டே பணி ஓய்வு வரை போய்விடலாம்.

1925 வாக்கில் பாரிஸின் சர்ரியலிஸ்டுகள் தாளை மடித்து, முன்னவர் வரைந்தது தெரியாமல் ஆளுக்கொரு பகுதி வரைந்தார்கள். ஒருவரையொருவர் குழுவைவிட்டு நீக்குவதில் பெயர்பெற்ற கூட்டத்துக்கு இது உகந்த ஏற்பாடுதான். தாள் விரியும்வரை தள்ளி நிற்பவருக்கு வேலையில்லை. நம்மூர் ஓவியர்கள் இன்னும் விவரமானவர்கள். 1966-ல் ஓவியர் பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது பாடிக் துணி விற்ற காசைப் போட்டு நிலத்தைத்தான் சேர்ந்து வாங்கினார்கள்.

எஞ்சுவது கையொப்பச் சிக்கல். படம் முடிந்ததும் வலது கீழ்மூலையில் முதலில் கையெழுத்திடுபவர் தள்ளி நின்றவரே. அன்று அவர் பிரஷைத் தொடுவது அந்த ஒருமுறைதான். கோடு போட்டவர் பெயருக்கு இடம் போதாமல் அது மாட்டின் குளம்புக்கடியில் போய்விடும். இதைக் கண்டு கொதிப்போர், பல்கலைக்கழக ஆய்விதழ் ஒன்றைப் புரட்டிப் பார்க்கலாம்: மாணவர் எழுதிய கட்டுரை, முதலில் நெறியாளர் பெயர், அடுத்து துறைத்தலைவர் பெயர், அதற்கும் கீழே மாணவர். அங்கேயும் 'ஏதோ குறைகிறது' என்று சொன்னதே பங்களிப்பு.

இக்கட்டுரையை எழுதியவர் ஒருவர். பெயர் சேர்க்கச் சொல்லி நால்வர் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் மூவர் இதை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தவர்கள். நான்காமவர் 'துணிபு' என்பதை 'முடிபு' என்று டச்சப் செய்தார். மாற்றிவிட்டேன், பிறகு பழையபடி மாற்றிவிட்டேன்.