கழித்தது போக

"காலி பண்ணலாம்னு இருக்கேன் சார்" என்று குடித்தனக்காரர் சொன்னதும், நம் ஓனர் ஏன் என்று கேட்க மாட்டார். காலண்டரைத்தான் பார்ப்பார். "இன்னாபா இது, மார்கழி பொறக்கப் போவுது. எவன் குடி வருவான்? ஆடி, மார்கழியில காலி பண்ணா அந்த மாச வாடகையையும் வெச்சுட்டுப் போவணும்." தையில் காலி செய்பவருக்கு வேறு கணக்கு உண்டு.

ஆம்பூர், வாணியம்பாடி தொடங்கி வேலூர் சத்துவாச்சாரி, காட்பாடி வரை தெருவுக்கு ஒருவராக இவர் இருக்கிறார். ஆம்பூர்க்காரர் மட்டும் கொஞ்சம் விசேஷம். முப்பது வருஷம் டேனரியில் தோல் தரம் பிரித்தவர். வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால் போதும், உரிக்கும்போது விழுந்த கத்திக் கீறல் எது, உண்ணிக் கடித் தழும்பு எது என்று சொல்லிவிடுவார். வேலையை விட்டு வந்தபின் அந்தக் கண் சுவருக்கு மாறிவிட்டது. தோலும் சதுர அடிக் கணக்கு, வீடும் சதுர அடிக் கணக்கு. ஆகவே தொழில் மாறியதாக அவர் நினைக்கவே இல்லை.

அவருடைய ஆயுதம் பதினொரு மாத அக்ரிமெண்ட். ஏன் பதினொன்று? ராசியான எண் என்று நம்புகிறார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்கிற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்குப் பயந்து யாரோ கண்டுபிடித்த எண் அது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின் அந்தத் தந்திரமும் பலிக்காது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதே சட்டம், இருவரும் வேறாக ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதியைத் திருப்பித் தரவும் சொல்கிறது. ஓனர் வாங்குவது பத்து மாதம். திருப்புவது, அடுத்த ஆள் அட்வான்ஸ் கொடுத்த பிறகு.

பெங்களூரில் இருக்கும் மருமகன் அனுப்பிய ஆபீஸ் கட்டட வாடகைப் பத்திர மாதிரியைப் பார்த்து டைப் அடித்தது அந்த அக்ரிமெண்ட். ஏழாவது ஷரத்து: கெடுவுக்கு முன் காலி செய்தால் மீதி மாத வாடகை முழுவதும் குடித்தனக்காரர் பொறுப்பு.

இந்த முறை சிக்கியவர் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு ஐம்பது சதவீத வரி போட்டது. ஆர்டர் இளைத்து ஓவர்டைம் நின்றது. செய்யாறு சிப்காட்டில் வேலை கிடைத்ததும் ஐந்தாம் மாதக் கடைசியில் கிளம்பினார். ஓனர் விரலை மடக்கினார்: மீதி ஆறு மாதம், பெயின்ட் ஒரு மாதம், கரன்ட் பில், ஆணி.

சூப்பர்வைசரின் மைத்துனர் வேலூர் கோர்ட்டில் ஜூனியர் வக்கீல். அவர் முதலில் அதட்டியது தன் மாமாவைத்தான். "சாவியைப் பால்காரர்கிட்ட கொடுத்துட்டுப் போயிடாதீங்க. ஓனர் கையில கொடுத்து எழுதி வாங்குங்க. பூட்டு தொங்குற வரைக்கும் வீடு உங்ககிட்ட இருக்கிறதாத்தான் அர்த்தம், வாடகை ஓடும்." பிறகு ஓனரிடம் திரும்பினார். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 74-ஆவது பிரிவில், பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான்; அதற்குள் நியாயமான ஈடு மட்டுமே கிடைக்கும். ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963-லேயே இதைச் சொல்லியிருக்கிறது. நஷ்டத்தைக் குறைக்கக் கையில் என்ன வழி இருந்தது என்பதையும் 73-ஆவது பிரிவு கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

"வழியா? மார்கழியிலயா?" என்றார் ஓனர். வீடு ஒரு மாதம் காலியாக நின்றால் அந்த மாதத்தைக் கழிக்கட்டும், ஆறு மாதம் எப்படி என்றார் ஜூனியர். பேச்சு அங்கேயே நின்றது. (இதுவே போக்கியமாக இருந்திருந்தால் ஓனர் குரல் இவ்வளவு உயர்ந்திருக்காது. திருப்பித் தர வேண்டிய மொத்தப் பணமும் மகள் கல்யாணத்தில் போயிருக்கும்.)

மார்கழி ஒன்பதாம் தேதி பேரணாம்பட்டிலிருந்து ஒரு பாய் குடும்பம் சாமான் லாரியோடு வந்து இறங்கியது. ஆடியும் மார்கழியும் அவர்கள் காலண்டரில் இல்லை. ஒரே வீட்டுக்கு இரண்டு வாடகை கேட்க ஓனருக்கே கூச்சமாக இருந்தது. அரை மாதத்துக்கு இறங்கி வந்தார். கணக்கு முடித்த அன்று எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அதைக் கழிக்கவில்லை.

ஆணியை மட்டும் விடவில்லை. டார்ச் அடித்துப் பதினைந்து எண்ணினார். பதினைந்தாவது, போன வருஷம் அவரே காலண்டர் மாட்ட அடித்தது. பதினாலு என்று திருத்தி எழுதிக்கொண்டு, புதிய குடித்தனக்காரரிடம் திரும்பினார்: "பாய், செவுத்துல ஆணி கீணி அடிக்கக் கூடாது. வேணும்னா இதுல மாட்டிக்குங்க."