எதிர் கம்பெனி வண்டி எப்படிங்க?

ஓசூருக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு நான் ஒரு புத்தி சொல்வதுண்டு. வீட்டு வாடகையைத் திட்டுங்கள், அத்திப்பள்ளி டிராபிக்கைத் திட்டுங்கள். டீக்கடையில் நின்றுகொண்டு ஸ்கூட்டரை மட்டும் திட்டிவிடாதீர்கள். பக்கத்தில் வடையைப் பிட்டுக்கொண்டிருப்பவர் அன்று காலைதான் அதற்கு நட்டு முடுக்கிவிட்டு ஷிப்ட் முடிந்து வந்திருப்பார்.

மிகைப்படுத்தவில்லை. டிவிஎஸ் ஐக்யூப் ஓசூரில் தயாராகிறது, ஏத்தர் ஓசூரில், ஓலா போச்சம்பள்ளியில். மூன்றும் கிருஷ்ணகிரி மாவட்டம். 2023-24இல் இந்தியாவில் விற்ற மின்சார ஸ்கூட்டர்களில் பாதிக்கு மேல் இந்த மூன்று பெயர்களில் ஒன்றைத் தாங்கியவை. ஆக, நாட்டு மக்கள் எந்த மின்சார ஸ்கூட்டரைத் திட்டினாலும் பாதிக்குப் பாதி எங்கள் மாவட்டத்துக்காரருக்குத்தான் புரையேறும்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு கேள்வி அடிக்கடி எழும். ஒரு பொருளைச் செய்கிறவர் இன்னொருவர் செய்த அதே பொருளைப் பற்றி ஊரறியக் கருத்துச் சொல்லலாமா?

பெரிய இடத்தில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2021இல் புனேயிலிருந்து பஜாஜ் கம்பெனியின் ராஜீவ் பஜாஜ் ஒரு போடு போட்டார். பஜாஜ், என்ஃபீல்டு, டிவிஎஸ் மூவரும் சாம்பியன்களாம். ஓலா, ஏத்தர் முதலான புதுக் கம்பெனிகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஓட்ஸ். சாம்பியன்கள் காலைப் பலகாரமாக ஓட்ஸ் சாப்பிடுவார்களாம். நாடே சிரித்தது. எங்களுக்குத்தான் சிரிப்பதா வேண்டாமா என்று குழப்பம். சாப்பிட உட்கார்ந்தவரும் எங்கள் ஊர், தட்டில் கிடப்பவரும் எங்கள் ஊர்.

அதோடு விட்டாரா? தன் கம்பெனியின் மின்சார ஸ்கூட்டர் சேத்தக் விற்பனையில் முந்திய தெம்பில், 2025 ஜனவரியில், ஓலா ஓலாதான், சேத்தக்கோ 'ஷோலா' என்று இந்தியில் எதுகை போட்டார். ஷோலா என்றால் தீக்கொழுந்து. 2022 கோடையில் பேட்டரி வண்டிகள் அங்கங்கே தீப்பிடித்து, மத்திய அரசு பேட்டரி விதிகளையே இறுக்கியிருந்த நாட்டில், தன் மின்சார வண்டியைத் தானே தீக்கொழுந்து என்று வர்ணிக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

மேடையில் நடப்பது இது. நிஜமான விமர்சனம் டீக்கடை வாசலில் நடக்கிறது, அதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். லைன் இன்ஜினியர் ஒருவர் டீக்கு வருவார். எதிர் கம்பெனி வண்டி ஸ்டாண்டு போட்டு நிற்கும். முதலில் கழுத்தில் தொங்கும் ஐடி கார்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் சொருகிக்கொள்வார். பிறகு பேனல் இடுக்கில் கட்டைவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே ஓட்டுவார். சைடு ஸ்டாண்டைத் தட்டிப் பார்ப்பார். வேட்டி கட்டியவர் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்து அடிப்பக்கம் எட்டிப்பார்ப்பார். எழுந்து டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "வெல்டு சுத்தமா இருக்குண்ணா. எங்களுதுல இவ்வளவு நீட்டா வராது. வெளியில சொல்லிடாதீங்க" என்பார். காமிராக்காரர் ஒருநாள் வண்டியை வாங்கி ஓட்டிவிட்டு "வேற லெவல் பாஸ்" என்று சொல்லும் அரைமணி நேர வீடியோவை இந்த மூன்று வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியுமா?

எங்கே காசு மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்பது காசு மிச்சம் பிடித்தவனுக்குத்தான் தெரியும். அதனால் செய்கிறவர் பேச வேண்டும் என்பதே என் கட்சி.

சட்டம் வேறு கட்சி. சொட்டு நீலம் உஜாலாவுக்கும் ராபின் நீலம் வைத்திருந்த கம்பெனிக்கும் நடந்த வழக்கில், 1999இல், கல்கத்தா உயர்நீதிமன்றம் சொன்னதைப் பிற்பாடு பல வழக்குகளில் எடுத்தாண்டிருக்கிறார்கள். தன் சரக்கு உலகத்திலேயே உசத்தி என்று வியாபாரி சொல்லிக்கொள்ளலாம், அது பொய்யாகவே இருந்தாலும். அடுத்தவர் சரக்கோடு ஒப்பிட்டும் பேசலாம். அடுத்தவர் சரக்கு மோசம் என்று மட்டும் சொல்லக் கூடாது. சுயபுராணத்துக்குப் பாதுகாப்பு உண்டு, புறணிக்குக் கிடையாது. கல்யாண வீடுகளிலும் இந்தத் தீர்ப்பை அமல்படுத்தினால் பந்தியில் பேச்சு மூச்சே இருக்காது.

போட்டியாளரை நீதிபதியாக்கினால் என்ன ஆகும் என்று ஒயின்காரர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். 1976 மே மாதம் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஒயின் வியாபாரி பிரெஞ்சு ஒயினையும் கலிபோர்னியா ஒயினையும் பெயர் தெரியாதபடி ஊற்றிக் கொடுத்து மார்க் போடச் சொன்னார். ருசி பார்த்த பிரெஞ்சு நடுவர்களில் திராட்சைத் தோட்ட முதலாளிகளும் உண்டு. உலகத்திலேயே விலை உசந்த ஒயின்களில் ஒன்றான ரொமானி-கோண்டியை நடத்திய ஓபேர் த வில்லேன் ஒருவர், ஷாட்டோ ஜிஸ்கூர் பியேர் தாரி இன்னொருவர். வெள்ளை, சிவப்பு இரண்டிலும் கலிபோர்னியா முதலிடம்! ஒதெத் கான் என்ற ஒயின் பத்திரிகை ஆசிரியை, தான் மார்க் போட்ட தாளைத் திருப்பிக் கொடு என்று மல்லுக்கு நின்றார். லேபிளை மறைத்தால் நாக்கு உண்மை பேசுகிறது, லேபிள் தெரிந்ததும் வாய் வாபஸ் வாங்குகிறது.

ஸ்கூட்டருக்கு இந்த வைத்தியம் ஒத்துவராது. லேபிளைப் பார்க்காமல் ஒயின் குடிக்கலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு பாகலூர் ரோட்டில் வண்டி ஓட்ட முடியாது. (ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வேறு விஷயம்.)

மாம்பழத்திலாவது ஒத்துவருமா என்றால், கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள். முதல் பரிசு வாங்கிய அல்போன்சாவுக்கு முன்னால் பரிசு வாங்காத தோட்டக்காரர் நிற்பார். "காய் நல்லாத்தான் இருக்கு..." என்று ஆரம்பிப்பார். அந்த இழுவையிலேயே தெரிந்துவிடும். "...கல்லு வச்சுப் பழுக்க வச்சதோ என்னமோ."

சரி, பல கம்பெனிகள் எதிராளியைப் பற்றி மூச்சு விடுவதில்லையே, அது பண்பாடு அல்லவா என்பீர்கள். பண்பாடும் இருக்கலாம். இந்தத் தொழில்பேட்டையில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இன்னொரு காரணம் தெரியும். பிராக்கெட், புஷ், வாஷர் என்று ஜாப் ஒர்க் செய்து பிழைக்கிறவர்கள் நாங்கள். ஒரு பெட்டி இந்த கேட்டுக்குப் போகும், இன்னொரு பெட்டி அந்த கேட்டுக்குப் போகும். எந்த கேட் என்று எழுதினால் அடுத்த மாத ஆர்டர் வராது.

நம்ம ஐடி கார்டு இன்ஜினியர் ஒருமுறை எதிர் கம்பெனி வண்டியின் ஒரு புஷ்ஷைக் காட்டி, "பாருங்கண்ணா, எந்த ஷெட்டுல அடிச்சானுங்களோ, மட்டம்" என்றார். நான் டீ கிளாஸுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவர் கம்பெனி வண்டியில் இருப்பதும் அதே ஷெட்டில், அதே மிஷினில், அதே ஆள் அடித்ததுதான். இரண்டு பக்கமும் இன்ஸ்பெக்ஷனில் பாஸ்.

ஆகவே கம்பெனி முதலாளிமார்களே, இன்ஜினியர் பெருமக்களே, எதிராளி வண்டியைப் பற்றித் தாராளமாக எழுதுங்கள். முதல் வரியில் நீங்கள் எந்த கேட் வழியாக உள்ளே போகிறவர் என்று போட்டுவிடுங்கள். கடைசி வரியில் அந்த வண்டியில் உங்களுக்கு வயிறெரிந்த ஒரு சமாச்சாரத்தை ஒப்புக்கொள்ளுங்கள். நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், படிக்க நாங்கள் இருக்கிறோம். புஷ்ஷை மட்டும் விட்டுவிடுங்கள்.